வெள்ளிக்காகக் காத்திருந்தவர்

வைகறையில் கிழக்கே தோன்றும்போது விடிவெள்ளி என்றும், அந்தியில் மேற்கே தோன்றும்போது மாலை வெள்ளி என்றும் மக்கள் அழைப்பது ஒரே கோளைத்தான். உழவரும் கடலோடிகளும் காலங்காலமாக அறிந்த அக்கோள், தன் ஒளியை முற்றாக இழந்து ஒரு கரும்புள்ளியாகக் காட்சியளிக்கும் வேளையும் உண்டு. பூமிக்கும் சூரியனுக்கும் இடையே வெள்ளி நேராக வரும்போது, சூரிய வட்டத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சிறியதொரு கரும்பொட்டு மெல்ல ஊர்ந்து செல்லும். இதனையே வெள்ளிக் கடப்பு என்பர். சந்திரன் சூரியனை மறைப்பது போன்றதே இதுவும். ஆயின், வெள்ளி மிகத் தொலைவில் இருப்பதால், சூரிய வட்டத்தின் குறுக்களவில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு அகலமே உடையதாய் அது தோன்றும்.

இக்காட்சி அரிதினும் அரிது. ஏறக்குறைய 584 நாட்களுக்கு ஒருமுறை வெள்ளி பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட பக்கத்துக்கு வருகின்றது. எனினும், அதன் பாதை பூமியின் பாதையோடு மூன்று பாகைக்குச் சற்று மேலாகச் சாய்ந்திருப்பதால், பெரும்பாலும் அது சூரியனுக்கு மேலாகவோ கீழாகவோ விலகிச் சென்றுவிடுகின்றது. எட்டு ஆண்டு இடைவெளியில் இரு கடப்புக்கள் நிகழும். அதன்பின் நூறாண்டுக்கு மேல் ஒன்றும் நிகழாது. 1761, 1769 ஆகிய ஆண்டுகளில் ஒரு சோடியும், 1874, 1882 ஆகிய ஆண்டுகளில் மற்றொரு சோடியும், 2004, 2012 ஆகிய ஆண்டுகளில் பிறிதொரு சோடியும் நிகழ்ந்தன. இவற்றுள் பதினெட்டாம் நூற்றாண்டுச் சோடியைக் காண்பதற்காகப் பிரான்சிலிருந்து புறப்பட்டுத் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு வந்து சேர்ந்த ஒருவரின் வரலாறு, வானியல் வரலாற்றிலே தனியோர் இடம் பெறுவது.

ஒரு கரும்பொட்டைக் காண்பதற்காக மனிதர் கடல் கடந்து செல்வானேன்? சூரியன் எவ்வளவு தொலைவில் உள்ளது என்னும் வினாவே அதற்குக் காரணம். கோள்களின் இயக்க விதிகளைப் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெப்ளர் கண்டறிந்தபின், சூரியனிடமிருந்து ஒவ்வொரு கோளும் இருக்கும் தொலைவின் விகிதம் விளங்கிற்று. பூமியின் தொலைவை நூறு பங்காகக் கொண்டால், வெள்ளியின் தொலைவு 72 பங்கு என்பது தெரியும். ஆனால், ஒரு பங்கு எத்தனை மைல் என்பது திட்டமாகத் தெரியவில்லை. ஊர்கள் யாவும் சரியாகக் குறிக்கப்பட்டும், ஓர் அங்குலத்துக்கு எத்தனை மைல் என்பது குறிக்கப்படாதுமுள்ள நாட்டுப்படம் ஒன்றை இதற்கு ஒப்பிடலாம். 1672 ஆம் ஆண்டில் செவ்வாய்க் கோளைக் கொண்டு அத்தொலைவை அளக்க முயன்றனர். எனினும் ஐயம் நீங்கவில்லை.

1639 ஆம் ஆண்டில் ஜெரமையா ஹொரக்ஸ் என்னும் ஆங்கில இளைஞர் வெள்ளிக் கடப்பை முன்னரே கணித்து, தொலைகாட்டியினூடே வந்த சூரிய பிம்பத்தை ஒரு தாளிலே விழச்செய்து கண்டார். அவரும் அவர் நண்பர் வில்லியம் கிராப்ட்ரீயும் தவிர, அன்று அதனைக் கண்டு குறித்து வைத்தவர் வேறெவரும் இலர். அடுத்த கடப்பு 1761 ஆம் ஆண்டில் நிகழவிருந்தது. அதனைக் கொண்டு சூரியனின் தொலைவை அளக்கலாம் என்று எட்மண்ட் ஹலி 1716 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வாயிலாக விளக்கினார். அக்கடப்பு நிகழும்போது தாம் உயிரோடு இருக்கப்போவதில்லை என்பதை அவர் நன்கறிவார். ஆகவே, வருங்கால வானியலாளர் உலகின் பல திசைகளுக்கும் சென்று அதனைக் காணவேண்டும் என வேண்டிக்கொண்டார். 1742 ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

ஹலி கூறிய முறையின் அடிப்படை எளியது. ஒரு விரலை முகத்தின் முன்னே நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் நோக்கி, பின்னர் கண்ணை மாற்றி நோக்கினால், பின்னாலுள்ள சுவரில் விரல் இடம் மாறுவது போலத் தோன்றும். இரு கண்களுக்கும் இடையிலுள்ள தூரமும், விரல் இடம்மாறும் அளவும் தெரிந்தால் விரலின் தொலைவைக் கணக்கிடலாம். இங்கே விரல் வெள்ளி. சுவர் சூரிய வட்டம். இரு கண்களோ பூமியில் ஆயிரக்கணக்கான மைல் விலகியுள்ள இரு ஊர்கள். ஓர் ஊரில் நிற்பவருக்கு வெள்ளி சூரிய வட்டத்தின் மேல் செல்லும் கோடும், மற்றோர் ஊரில் நிற்பவருக்குத் தோன்றும் கோடும் சற்று வேறுபடும். ஆகவே, கடப்பு நிகழும் கால அளவும் வேறுபடும். அக்கால வேறுபாட்டை மணிக்கூட்டைக் கொண்டு வினாடிக் கணக்கில் அளந்தால், வெள்ளியின் தொலைவும் அதன்வழிச் சூரியனின் தொலைவும் கிடைக்கும். கடப்பின் தொடக்கத்தையோ முடிவையோ மாத்திரம் கண்டாலும் போதும், கண்ட இடத்தின் நெட்டாங்கு சரியாகத் தெரிந்திருந்தால் என்று பிரெஞ்சு வானியலாளர் டெலீல் இம்முறையை மேலும் விரித்தார்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். இவ்வளவீட்டை ஒருவர் தனித்து நின்று செய்துவிட முடியாது. ஒரு நாடு தனித்து நின்றும் செய்துவிட முடியாது. வடக்கே ஒருவரும் தெற்கே ஒருவரும், கிழக்கே ஒருவரும் மேற்கே ஒருவரும் கண்டு, தாம் கண்டதை ஒருவருக்கொருவர் சொல்லியாக வேண்டும். ஆனால், 1761 ஆம் ஆண்டு நெருங்கியபோது இங்கிலாந்தும் பிரான்சும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்தியாவிலும் கடும் போரில் ஈடுபட்டிருந்தன. அந்தப் போரின் நடுவே கப்பலேறியவர்தான் கியோம் லெ ஜான்தி.

லெ ஜான்தி 1725 ஆம் ஆண்டில் நோர்மண்டியிலே பிறந்தவர். சமயகுருவாகும் நோக்கோடு பாரிசுக்குச் சென்று, டெலீலின் வானியற் சொற்பொழிவுகளைக் கேட்டு மனம் மாறி, வானியலையே தம் வாழ்வாகக் கொண்டவர். பாரிசிலிருந்த பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் உறுப்பினர். அக்கழகத்தின் சார்பில் வெள்ளிக் கடப்பைப் புதுச்சேரியிலிருந்து காண்பதற்கு அவர் ஒப்புக்கொண்டார். புதுச்சேரி அக்காலத்தில் பிரெஞ்சுக்காரரின் இந்தியத் தலைநகர். 1760 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட அவர், யூலை மாதத்திலே மொரீசியசை அடைந்தார். அது பிரெஞ்சுத் தீவு என அன்று வழங்கிற்று. அங்கிருந்து புதுச்சேரிக்குக் கப்பல் கிடைக்காது மாதங்கள் கழிந்தன. 1761 மார்ச்சிலேதான் ஒரு போர்க்கப்பலில் இடம் கிடைத்தது. காற்றோ எதிராக வீசி, கப்பலைப் பல வாரம் அலைக்கழித்தது.

மே மாதப் பிற்பகுதியிலே கப்பல் மலையாளக் கரையிலுள்ள மாகிக்கு அண்மையில் வந்தபோது, புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் வீழ்ந்துவிட்டது என்னும் செய்தி எட்டியது. அவ்வாண்டு சனவரியிலேயே நகரம் சரணடைந்திருந்தது. ஒல்லாந்தர் வசமிருந்த இலங்கையின் காலி முனையருகே கப்பல் வந்தபோது, அச்செய்தி ஐயத்துக்கிடமின்றி உறுதியாயிற்று. கப்பற் தலைவர் மொரீசியசுக்கே திரும்ப முடிவு செய்தார். யூன் 6 ஆம் நாள் வந்தது. வானம் தெளிவாயிருந்தது. இந்து சமுத்திரத்தின் நடுவே ஆடும் கப்பற்றட்டில் நின்று லெ ஜான்தி வெள்ளிக் கடப்பைக் கண்டார். ஆனால், அலையில் ஆடும் கப்பலில் ஊசல் மணிக்கூடு சரியாக ஓடாது. கப்பல் நின்ற இடத்தின் நெட்டாங்கையும் அக்காலத்தில் திட்டமாக அறிய இயலாது. காட்சி கிடைத்தது, கணக்குக்கு உதவும் அளவீடு கிடைக்கவில்லை. அதே நாளிலே சென்னை ஆளுநரின் இல்லத்து மேற்றளத்தில் வில்லியம் ஹேர்ஸ்ட் என்னும் ஆங்கிலப் பாதிரியாரும், தரங்கம்பாடியில் தேனிய மிசனரிமாரும் உறுதியான நிலத்தில் நின்று அக்கடப்பைக் கண்டுகொண்டிருந்தனர்.

வேறொருவராயின் ஊர் திரும்பியிருப்பர். எட்டு ஆண்டில் மற்றொரு கடப்பு வரும், அதன்பின் தம் தலைமுறையில் எவரும் அதைக் காணமாட்டார் என்பதை எண்ணிய லெ ஜான்தி, இந்து சமுத்திரத்திலேயே தங்கிவிடத் துணிந்தார். காத்திருந்த காலத்தை அவர் வீணாக்கவில்லை. மடகாசுகரின் கரைகளை ஆராய்ந்தார். தீவுகளின் இருப்பிடங்களையும் காற்றுக்களின் போக்கையும் குறித்தார். 1769 ஆம் ஆண்டுக் கடப்பைக் காண மணிலா சிறந்த இடம் எனக் கணித்து, 1766 ஆம் ஆண்டில் அங்கே சென்றார். மணிலாவை ஆண்ட ஸ்பானிய ஆளுநர் அவரை ஐயுற்றார். விஞ்ஞானக் கழகமோ புதுச்சேரியையே விரும்பியது. 1763 ஆம் ஆண்டின் பாரிசு உடன்படிக்கைப்படி அந்நகரம் மீண்டும் பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்திருந்தது. ஆகவே மணிலாவை விட்டு, 1768 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் அவர் புதுச்சேரியிலே கால்வைத்தார். பிரான்சிலிருந்து புறப்பட்டு அப்போது எட்டு ஆண்டு கடந்திருந்தது.

அவர் கண்ட புதுச்சேரி பெரும்பகுதி இடிந்து கிடந்த நகரம். ஆங்கிலேயர் தகர்த்த கோட்டையின் இடிபாடுகள் மீதே ஆளுநர் லோ அவருக்கு ஒரு வானாய்வுக்கூடம் அமைத்துக்கொடுத்தார். அதன் கீழே வெடிமருந்து சேமிக்கப்பட்டிருந்தது. கூடத்திலே மணிக்கூட்டையும் கோணமானியையும் தொலைகாட்டிகளையும் நிறுவி, அவர் மாதக்கணக்காக விண்மீன்களை நோக்கி, புதுச்சேரியின் நெட்டாங்கை உறுதிசெய்தார். சென்னையிலிருந்த ஆங்கிலேயர் சிறந்த தொலைகாட்டி ஒன்றை அவருக்கு இரவலாக அனுப்பி உதவினர். எட்டு ஆண்டுக்கு முன் இதே கோட்டையைத் தகர்த்தவர்கள், அதன் இடிபாட்டில் நின்று வானத்தை நோக்குபவருக்குக் கண்ணாடி கொடுத்தனர். ஹலி வேண்டிக்கொண்ட ஒத்துழைப்பு எத்தகையது என்பதை இச்செயல் காட்டிற்று.

1769 யூன் 4 ஆம் நாட்காலை சூரியன் உதிக்கும்போதே வெள்ளி அதன் மீது இருக்கவேண்டும். காலை ஏழு மணியளவில் கடப்பு முடிந்துவிடும். அந்த முடிவு நேரத்தை வினாடி பிசகாது குறிப்பதே லெ ஜான்தியின் வேலை. மே மாதக் காலைகள் மிகத் தெளிவாயிருந்தன. யூன் 3 ஆம் நாள் இரவும் வானம் மாசற்று விளங்கிற்று. வியாழனின் துணைக்கோள் ஒன்றை ஆளுநரும் அவரும் தொலைகாட்டியில் கண்டனர். நள்ளிரவுக்குப் பின் இரண்டு மணியளவில் அவர் விழித்தபோது, கடற்கரையின் மணற்றிட்டு இரையும் ஒலி கேட்டது. எழுந்து நோக்கினார், வானம் எங்கும் முகில் மூடியிருந்தது. விடியுமுன் பெருங்காற்று எழுந்தது. கடல் நுரைத்தது, மணலும் தூசியும் பறந்தன. சூரியன் உதித்த இடமும் தெரியவில்லை. ஏழு மணி கழிந்தது. வெள்ளி சூரியனை விட்டு நீங்கிய பின்னரே முகில் விலகிற்று. அன்று முழுவதும் வெயில் பளிச்சிட்டது. அவர் விட்டுவந்த மணிலாவிலோ அக்காலை வானம் தெளிவாயிருந்தது என்பதும் பின்னர் தெரியவந்தது.

பல நாள் அவரால் எழுதுகோலை எடுக்க முடியவில்லை. தாம் ஓரிரு கணம் காண்பதற்காகவே ஆயிரக்கணக்கான காதம் கடந்து வந்து, முகில் ஒன்றின் முன்னே தோற்றுப்போனதை அவர் பிற்காலத்தில் தம் நூலிலே மனம்விட்டு எழுதியுள்ளார். பின்னர் கடும் நோயும் அவரைப் பற்றிக்கொண்டது.

ஆயினும், வெள்ளியை எதிர்நோக்கிய அந்த மாதங்களில் லெ ஜான்தி செய்த மற்றொரு வேலை உண்டு. தமிழர் கிரகணங்களைக் கணிக்கும் முறையை அறிய விரும்பி, கணிதம் வல்ல தமிழர் ஒருவரிடம் அவர் பாடம் கேட்டார். எழுதுகோலின்றி, சோழிகளைத் தரையில் வைத்து நகர்த்தியே தமிழ்க் கணிதர் கூட்டலும் பெருக்கலும் செய்ததையும், விதிகளையெல்லாம் மனப்பாடமாகவே வைத்திருந்ததையும் அவர் வியப்போடு கண்டார். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பயின்றுவந்த வாக்கிய முறை இது. சந்திரன் நாள்தோறும் இருக்கும் இடத்தைக் கூறும் 248 வாக்கியங்களைச் சொற்களாக மனனம் செய்து, அச்சொற்களின் எழுத்துக்களையே எண்களாகக் கொள்வது அதன் இயல்பு. யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும் இன்றும் வீடுகளில் தொங்கும் வாக்கிய பஞ்சாங்கம் இம்முறையின் வழிவந்ததே.

லெ ஜான்தி அம்முறையைச் சோதித்தும் பார்த்தார். 1765 ஓகஸ்ட் 30 ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்க் கணிதர் முறையிலே கணித்தபோது, உண்மையளவிலிருந்து அது 41 வினாடி மாத்திரமே குறைந்திருந்தது. ஐரோப்பாவிலே மிகச் சிறந்தனவாகப் போற்றப்பட்ட தோபியாஸ் மாயரின் அட்டவணைகளோ 68 வினாடி கூடுதலாகக் காட்டின. ஒரு கிரகணத்தைக் கொண்டு இரு முறைகளுள் எது உயர்ந்தது எனத் தீர்ப்பளித்துவிட முடியாது. எனினும், தொலைகாட்டியும் மணிக்கூடும் இல்லாது சோழிகளோடு அமர்ந்திருந்த ஒருவரின் கணக்கு, ஐரோப்பிய வானியலின் சிறந்த அட்டவணைகளோடு ஒருங்கே வைத்து ஒப்பிடத்தக்கதாய் இருந்தது என்பது தெளிவு. இம்முறையை லெ ஜான்தி விரிவாக எழுதி வெளியிட்டார். பிரெஞ்சு அறிஞர் பாயி 1787 ஆம் ஆண்டில் இந்திய வானியல் பற்றி வெளியிட்ட பெருநூலுக்கு அவ்வெழுத்துக்கள் ஆதாரங்களுள் ஒன்றாயின.

1770 மார்ச்சிலே அவர் புதுச்சேரியை நீங்கினார். புயலிற் சிக்கிய கப்பல் ஒருமுறை மொரீசியசுக்கே திரும்பிவந்தது. பின்னர் ஒரு ஸ்பானியக் கப்பலில் காடிசை அடைந்து, பிரனீசு மலையைத் தரைவழியே கடந்து, 1771 ஒக்டோபரில் பிரான்சிலே கால்வைத்தார். பதினோராண்டுக்கு மேற்பட்ட பயணம் முடிந்தது. வீட்டிலோ அவர் இறந்துவிட்டார் என்ற செய்தி பரவி, உறவினர் சொத்தைப் பங்கிட முற்பட்டிருந்தனர். விஞ்ஞானக் கழகத்தில் அவருக்குரிய இடமும் கைமாறியிருந்தது. உயிரோடிருப்பதைத் தாமே நிலைநாட்ட வேண்டிய நிலை அவருக்கு வந்தது. காலப்போக்கில் கழகத்தில் மீண்டும் இடம்பெற்று, திருமணம் செய்து, ஒரு பெண்மகவுக்குத் தந்தையாகி, இந்து சமுத்திரப் பயணத்தைப் பற்றிய இரு பெருந்தொகுதிகளை 1779, 1781 ஆம் ஆண்டுகளில் வெளியிட்டு, 1792 ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

லெ ஜான்தி தவறவிட்ட கடப்பை உலகின் பல இடங்களிலே பலர் கண்டிருந்தனர். தகித்தித் தீவிலே ஜேம்ஸ் குக்கும், வானியலாளர் சார்ள்ஸ் கிறீனும் கண்டனர். கலிபோர்ணியாவிலே கண்ட சாப் என்னும் பிரெஞ்சு வானியலாளர், அங்கு பரவிய கொள்ளைநோயால் இரு மாதத்துக்குள் இறந்தார். அவர் எழுதிவைத்த குறிப்புக்கள் பாரிசை அடைந்தன. கண்டவர்க்கும் இடர் இல்லாமற் போகவில்லை. வெள்ளி சூரியனின் விளிம்பைத் தொடும் கணத்தில், கரும்பொட்டு ஒரு துளிபோல நீண்டு விளிம்போடு ஒட்டிக்கொள்வதாகத் தோன்றும். இதனால் ஒரே இடத்தில் அருகருகே நின்றவர்கூட, தொட்ட நேரத்தைப் பல வினாடி வேறுபடக் குறித்தனர். எனினும், அளவீடுகள் யாவற்றையும் திரட்டி, ஒக்ஸ்போர்ட்டைச் சேர்ந்த தோமஸ் ஹோர்ன்ஸ்பி 1771 ஆம் ஆண்டில் சூரியனின் தொலைவை 9 கோடியே 37 இலட்சத்து 26 ஆயிரத்து 900 மைல் எனக் கணித்தார். பிற்காலத்தில் வானொலி அலைகளை வெள்ளியில் மோதித் திரும்பச்செய்து அத்தொலைவை மிக நுட்பமாக அளந்தனர். 2012 ஆம் ஆண்டில் அனைத்துலக வானியல் ஒன்றியம் வரையறுத்த அளவு 14 கோடியே 95 இலட்சத்து 97 ஆயிரத்து 870 கிலோமீற்றருக்குச் சற்றே மேல். மைலிற் கூறின் ஏறக்குறைய 9 கோடியே 29 இலட்சத்து 56 ஆயிரம். ஹோர்ன்ஸ்பியின் கணக்கு இதிலிருந்து வேறுபடுவது நூற்றில் ஒரு பங்கிலும் குறைவே.

அந்தக் கணக்கிலே புதுச்சேரியின் பங்கு இல்லை. ஆனால், புதுச்சேரியிலே தொடங்கிய ஒப்பீடு அங்கேயே முடிந்துவிடவும் இல்லை. நூறாண்டுக்குப்பின், 1874 டிசெம்பர் 9 ஆம் நாள் வெள்ளி மீண்டும் சூரியனைக் கடந்தபோது, சென்னை வானாய்வுக்கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் அதனைப் பொதுமக்களுக்கு விளக்கி ஒரு சிறுநூல் வெளியிட்டார். பழைய வாய்பாடுகளை மாத்திரம் நம்பாது, கருவிகொண்டு கண்ட வானத்தோடு பஞ்சாங்கத்தை ஒத்துநோக்கித் திருத்தவேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். சோழிக் கணக்கை வானத்தோடு ஒப்புநோக்கும் வேலையை ஒரு பிரெஞ்சுக்காரர் செய்து சென்றார். அதே வேலையைத் தொலைகாட்டியின் அருகே நின்று தென்னாட்டவர் ஒருவரே தம் மக்களுக்காக மேற்கொண்டார்.

2012 யூன் 6 ஆம் நாள், இலங்கையிலும் தமிழகத்திலும் சூரியன் உதித்தபோதே வெள்ளி அதன் மீது இருந்தது. லெ ஜான்தி புதுச்சேரியில் காண விரும்பியதும் அத்தகைய காலைக் காட்சியையே. அடுத்த கடப்பு 2117 டிசெம்பர் 11 ஆம் நாள் நிகழும். சூரியனின் தொலைவை அளப்பதற்கு அன்று அதன் உதவி வேண்டப்படாது. எனினும், அந்நாளைக் காணப்போகின்றவர்கள் வானத்தைப் பார்க்குமுன் முகிலைப் பார்ப்பார்கள். தங்களுக்கு முன் பார்த்தவர்களின் குறிப்புக்களையும், பார்க்க இயலாமற் போனவரின் குறிப்புக்களையும் புரட்டுவார்கள். அக்குறிப்புக்களுள், இடிந்த கோட்டையொன்றின் மேல் நின்று முகிலையே கண்டவர் எழுதிய இரு தொகுதிகளும் இருக்கும்.